வாட்ஸ்அப் பிசினஸ்: நெல்லைப் பக்கத்துக் கடைகளுக்கு எதுவரை உதவும்?

"அண்ணாச்சி, அரைக் கிலோ என்ன விலை? சென்னைக்கு அனுப்புவீங்களா?" இந்தக் கேள்வி கல்லாவில் கிடக்கும் போனுக்கு அடிக்கடி வருகிறதென்றால் வாட்ஸ்அப் பிசினஸ் உங்களுக்குத்தான். புது வாடிக்கையாளரைத் தேடிப்பிடித்துத் தரும் என்று நம்பி இறக்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். 2018 ஜனவரியில் வந்த இந்த இலவசச் செயலி, ஏற்கெனவே கடையை அறிந்தவர்களிடம் ஆர்டர் வாங்கும் கருவி. அல்வா, பத்தமடைப் பாய், கல்லிடைக்குறிச்சி அப்பளம், உடன்குடிக் கருப்பட்டி என்று கேட்டு வாங்குகிறவர்களில் நிறையப் பேர் ஊரைவிட்டுப் போய் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். கடையை அவர்களுக்குத் தெரியும், வாங்க வழிதான் வேண்டும். அந்த வேலையை இது ஒழுங்காகச் செய்கிறது.

முதலில் எந்த எண்ணில் தொடங்குவது என்று முடிவு செய்யுங்கள். பின்னால் வரும் தலைவலிகளில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரே எண்ணைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் பிசினஸிலும் சேர்த்து ஓட்ட முடியாது. வேலைக்கு நிற்கும் பையனின் சிம்மில் கணக்குத் தொடங்கினால், அவன் நின்றுவிடும் நாளில் வாடிக்கையாளர்களும் அவனோடு போய்விடுவார்கள். கடைப் பெயரில், முதலாளி கையில் இருக்கும் சிம்தான் சரி. பலருக்குத் தெரியாத வழி ஒன்று உண்டு: பலகையில் எழுதியிருக்கும் தரைவழித் தொலைபேசி எண்ணையே பயன்படுத்தலாம். 0462 என்று தொடங்கும் எண்ணாக இருந்தால் முன்னால் உள்ள 0-ஐ விட்டுவிட்டு, இந்தியாவைத் தேர்ந்தெடுத்து 462-லிருந்து தட்ட வேண்டும். எஸ்எம்எஸ் வராது, அதற்காகத் திரையில் ஓடும் நேரம் முடியும்வரை காத்திருந்து அழைப்பு மூலம் குறியீடு பெறும் வழியைத் தொட்டால், மணி அடித்து ஆறு இலக்கத்தைச் சொல்லும். "ஒன்றை அழுத்தவும்" என்று பேசும் இயந்திரம் வைத்திருக்கும் லைனில் இது நடக்காது, ஆள் நேரடியாக எடுக்க வேண்டும். கையோடு இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு ஆறு இலக்கப் பின்னை வைத்துவிடுங்கள். ஓடிபி கேட்டு எவன் போன் செய்தாலும் சொல்லக் கூடாது. கணக்கைப் பறிகொடுத்த கடைகள் பெரும்பாலும் இப்படித்தான் பறிகொடுத்திருக்கின்றன.

செயலியின் உயிர் கேட்லாக் எனும் பொருள் பட்டியல்தான். 500 பொருள்கள் வரை, ஒவ்வொன்றுக்கும் 10 படங்கள் வரை போடலாம். பெரும்பாலான கடைகள் சறுக்குவது படத்தில். டியூப் லைட்டுக்கு அடியில், ஃபிளாஷ் போட்டு எடுத்த அல்வா கரிக்கட்டி மாதிரி இருக்கும். மேலே மிதக்கும் நெய் வெள்ளைத் திட்டாகத் தெரியும். மாலை நாலு மணி வாக்கில் கடை வாசலோரம் வாழையிலைத் துண்டில் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். அந்தச் செம்பழுப்பு அப்படியே கிடைக்கும். பட்டியலில் படம் சதுரமாக வெட்டுப்படுவதால் பொருள் நடுவில் இருக்கட்டும். பத்தமடைப் பாயைச் சுருட்டி நிறுத்தி எடுத்தால் பத்து ரூபாய் பிளாஸ்டிக் பாய்க்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு முனையை மடித்துப் போட்டு, பின்னல் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து மிக அருகில் ஒரு படம் எடுங்கள். கோரை எவ்வளவு மெல்லிசாகக் கிழிக்கப்பட்டிருக்கிறது என்பதை அது சொல்லிவிடும். நீளமும் அகலமும் விவரத்தில் எழுதப்பட வேண்டும்.

விலையைப் படத்தின் மேல் எழுதாதீர்கள். நெய் விலை ஏறும்போதெல்லாம் படம் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. விலைக்கென்று இருக்கும் கட்டத்தில் போட்டால் நொடியில் திருத்தலாம். கால், அரை, ஒரு கிலோவைத் தனித்தனிப் பொருளாகப் போட்டால் வாடிக்கையாளர் கூடையில் சேர்த்து ஒரே செய்தியாக அனுப்புவார். ஆனால் இந்தக் கூடைக்கு இருப்புக் கணக்குத் தெரியாது, கொரியர் கட்டணமும் தெரியாது. சரக்குத் தீர்ந்தால் பொருளை நீங்களே மறைத்து வைக்க வேண்டும். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண்ணை விவரத்தில் சேர்த்துவிடுங்கள், வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள்.

சில சரக்குக்கு இங்கே இடமே இல்லை. உயிருள்ள பிராணிகள், புகையிலை, மது, மருந்து எல்லாம் செயலியின் வணிக விதிப்படி தடை. மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தைக்கு ஆடு கொண்டுவருகிறவரும், பீடிக் கம்பெனிக்காரரும் கேட்லாகில் மெனக்கெட வேண்டாம். நிராகரிக்கப்பட்ட பொருளை விடாமல் திரும்பத் திரும்பப் போடுவது கணக்குக்கே ஆபத்து.

தானியங்கிப் பதில்களில் ஒரு நுணுக்கம் உண்டு. வரவேற்புச் செய்தி புதியவருக்கு மட்டும் போவதில்லை, 14 நாள் பேச்சில்லாமல் இருந்துவிட்டுத் திரும்பி வருகிற பழைய ஆளுக்கும் போகும். இருபது வருஷமாக வாங்குகிறவரிடம் "எங்கள் கடைக்கு முதன்முறை வந்ததற்கு நன்றி" என்றால் அவர் என்ன நினைப்பார்? பொதுவாக எழுதுங்கள். கடை மூடியிருப்பதைச் சொல்லும் செய்தியை "எப்போதும்" என்று வைக்காமல் வேலை நேரத்தோடு இணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டப்பகலிலும் பூட்டியிருப்பதாகவே சொல்லிக்கொண்டிருக்கும். போனில் இணையம் இருந்தால்தான் அது போகும் என்பதால், இரவில் போனை அணைத்துவிட்டுப் போகும் கடைக்குப் பயனில்லை.

குவிக் ரிப்ளை, அதாவது முன்கூட்டியே எழுதி வைக்கும் பதில், 50 வரை வைக்கலாம். சாய்கோடு தட்டி ஒரு சொல் அடித்தால் முழுப் பதிலும் வந்து நிற்கும். முதலில் எழுத வேண்டியது பார்சல் கட்டண விவரம். அதில் ஒரு கணக்குப் பிசகு சர்வசாதாரணம்: அரைக் கிலோ அல்வாவை டப்பா, அட்டைப்பெட்டி, டேப் எல்லாம் சேர்த்து எடை போட்டால் 500 கிராமைத் தாண்டும், கட்டணம் அடுத்த படிக்கு ஏறிவிடும். கட்டிய பிறகு வரும் எடையை வைத்துத்தான் விலை சொல்ல வேண்டும். ஒவ்வொருவரின் உரையாடலிலும் அடையாளமாக ஒட்டும் லேபிள் 20 வரை. "பணம் வரணும்", "பார்சல் கட்டணும்", "அனுப்பியாச்சு" என்று மூன்றே போதும். புதிய லேபிள் ஒட்டினால் பழையது தானாக உரியாது, கையால் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பணம் கட்டியவரிடமே திரும்பப் பணம் கேட்பீர்கள்.

ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், அதிகம் குழம்புவதும் அதில்தான். ஒரு பட்டியலில் 256 பேர். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி சேரும். 256 பேருக்கு அனுப்பி நாற்பது பேர்தான் பார்த்தார்கள் என்றால் செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை, மற்றவர்கள் எண்ணைச் சேமிக்கவில்லை. ஸ்டேட்டஸ் இதற்கும் ஒரு படி மேல், இரண்டு பக்கமும் சேமித்திருக்க வேண்டும். ஆகவே உழைப்பு எண்ணைச் சேமிக்க வைப்பதில் போகட்டும். செயலி தரும் க்யூஆர் கோடை அச்சடித்துக் கல்லா முன்னாலும் பார்சல் பெட்டிக்குள்ளும் வையுங்கள். ஜிபே கோடுக்குப் பக்கத்தில் ஒட்டினால் ஆட்கள் மாற்றி ஸ்கேன் செய்வார்கள், தள்ளி ஒட்டி "ஆர்டர் செய்ய" என்று மேலே பெரிதாக எழுதுங்கள். முதல் பார்சல் போய்ச் சேர்ந்ததும் "இந்த நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, தீபாவளி ஆர்டர் கடைசித் தேதி இதில்தான் வரும்" என்று ஒரு வரி. தினமும் காலை வணக்கப் படம் அனுப்பும் கடையை ஆட்கள் சத்தமில்லாமல் பிளாக் செய்கிறார்கள். ஆனித் தேரோட்டம், தீபாவளி, பொங்கல், இடையில் புதுச் சரக்கு, அவ்வளவு போதும். எங்கிருந்தோ வாங்கிய எண் பட்டியலுக்கு அள்ளி வீசினால் புகார் குவிந்து கணக்கு முடங்கும். ஜிபி வாட்ஸ்அப் மாதிரியான திருட்டுச் செயலிகளுக்கும் அதே கதிதான்.

பணம் வந்ததற்கு ஸ்கிரீன்ஷாட் அத்தாட்சி ஆகாது. போலி ஸ்கிரீன்ஷாட் செய்து தரவே செயலிகள் இருக்கின்றன. வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டுப் பார்சலைக் கட்டுங்கள். "பணம் அனுப்ப இந்தக் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று வாங்குகிறவர் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள், பணம் பெற யாரும் ஸ்கேன் செய்யத் தேவையில்லை.

பேக்கப்பைத் தினசரி என்று வையுங்கள். ஆண்ட்ராய்டில் அது கூகுள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்தைத்தான் தின்னும், வீடியோவைச் சேர்க்காமல் விட்டால் தாங்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நெல்லை ஜங்ஷன் பக்கத்துக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெரிய நிறுவனங்கள் தங்கள் மென்பொருளை வாட்ஸ்அப்போடு இணைக்கும் கட்டண வழியான ஏபிஐயை விற்க வருகிறவர்கள், கடைப் பெயருக்குப் பக்கத்தில் நீல டிக், தானே பதில் சொல்லும் சாட்பாட் என்று அடுக்குவார்கள். அதில் விளம்பரச் செய்தி ஒவ்வொன்றுக்கும் காசு, வாடிக்கையாளர் எழுதி 24 மணி நேரத்துக்குள் தரும் பதிலுக்கு வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா காசு வாங்குவதில்லை, ஆனால் இடைத்தரகரின் மாதச் சந்தா தனி. இலவசச் செயலியோடு நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். கல்லாவில் ஒரு கணினி, பார்சல் கட்டும் இடத்தில் ஒரு போன் என்று வைத்தும் பதில் சொல்லி மாளவில்லை என்றால் மட்டும் அவர்களை உட்காரவைத்துப் பேசுங்கள்.