சேனல் போனால் சந்தா என்னாகும்? தென்னாப்பிரிக்காவில் தமிழ் சாட்டிலைட் தொகுப்பு, நீண்டகாலப் பயன்பாட்டில்

தமிழ் சேனலுக்காகவே கூரையில் டிஷ் வைத்திருக்கும் வீடுகளுக்கு ஆண்டில் இரண்டு தேதிகள் முக்கியம்: டிசம்பர் 31, மார்ச் 31. சேனல் நடத்துபவருக்கும் சாட்டிலைட் நிறுவனத்துக்கும் இடையே உள்ள ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆண்டு முடிவிலோ நிதியாண்டு முடிவிலோதான் காலாவதியாகும். முதல் தேதிக்கு இரண்டு வாரம் கழித்துப் பொங்கல், அடுத்ததற்கு இரண்டு வாரம் கழித்துச் சித்திரை ஒன்று. டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த், ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியா போன்ற இந்திய வம்சாவளியினர் வாழும் பகுதிகளில் வயதானவர்கள் டிவி முன்னால் உட்காரும் இரண்டு நாள்களுக்குச் சற்று முன்னால்தான் சேனல் இருக்குமா போகுமா என்ற பேரம் நடக்கிறது. இந்தத் தொகுப்பை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவர்கள் படத்தின் தரத்தைவிட, சீரியல்களைவிட, இதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

சேனல் ஏன் போகிறது? சேனலுக்கு சாட்டிலைட் நிறுவனம் ஒரு சந்தாதாரருக்கு மாதம் இவ்வளவு என்று உரிமக் கட்டணம் கொடுக்கிறது. சில ஒப்பந்தங்களில் எத்தனை பேர் பார்த்தாலும் குறைந்தபட்சம் இவ்வளவு என்ற உறுதித் தொகையும் இருக்கும். வெளிநாட்டுச் சேனல் என்றால் கணக்கு பெரும்பாலும் டாலரில். நாம் கட்டுவதோ ராண்டில். ராண்ட் சரிந்தால் அதே சேனல் நிறுவனத்துக்கு விலை ஏறிய சரக்கு. பார்ப்பவர் எண்ணிக்கை கூடியிருக்காது. இதோடு சேனலை எந்தத் தொகுப்பில் வைப்பது, ஒளிபரப்பான நிகழ்ச்சியைப் பிறகு பார்க்க வைக்கும் கேட்ச் அப் உரிமையும் செல்போன் செயலி உரிமையும் சேர்த்தா தனியா என்ற சண்டையும் வரும். பழைய ஒப்பந்தங்களில் செயலியைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. புதுப்பிக்கும்போது இழுபறியாவது பெரும்பாலும் அந்த இடம்தான்.

இந்தப் பேரத்தில் சந்தாதாரர் ஒரு தரப்பே அல்ல. நாம் வாங்கியது ஒரு தொகுப்பு. அதில் இன்ன சேனல் கட்டாயம் இருக்கும் என்று எந்த நிறுவனமும் எழுதிக் கொடுப்பதில்லை. சந்தா விதிமுறைகளை எடுத்துப் படித்தால் சேனல்களைச் சேர்க்கவும் நீக்கவும் மாற்றவும் தமக்கு உரிமை உண்டு என்று ஒரு பிரிவு இருக்கும். பலரும் அதோடு வாதம் முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். முடியவில்லை, ஒப்பந்தப் பிரிவுக்கு மேலே சட்டம் இருக்கிறது.

அதற்கு முன்பு, நம் சேனல்களுக்கு எந்தப் பாதுகாப்பு இல்லை என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 2005ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புச் சட்டம், பிரிவு 60(3), கட்டணச் சேவைகள் பொது ஒளிபரப்பாளரின் சேனல்களைக் கட்டாயம் ஏற்றிச் செல்ல வேண்டும் என்கிறது. அதாவது எஸ்ஏபிசி. சென்னையிலிருந்து வரும் எந்தச் சேனலுக்கும் இது பொருந்தாது. 2018இல் ஏஎன்என்7 என்ற உள்நாட்டுச் செய்திச் சேனலின் ஒப்பந்தத்தை, டிஎஸ்டிவி சாட்டிலைட் சேவையை நடத்தும் மல்டிசாய்ஸ் புதுப்பிக்கவில்லை. அந்த ஆகஸ்டில் அது டிஎஸ்டிவியிலிருந்து போனது, திரும்பவில்லை. 2022 மார்ச் முடிவில் உள்நாட்டுத் தனியார் ஒளிபரப்பாளரான இ.டிவி குழுமத்தின் இமூவீஸ், இமூவீஸ் எக்ஸ்ட்ரா, இஎக்ஸ்ட்ரா, இடூன்ஸ் என்ற நான்கும் நீக்கப்படும் நிலை வந்தது. வணிகப் போட்டி வழக்குகளை விசாரிக்கும் போட்டித் தீர்ப்பாயம் அந்தக் குழுமத்தின் மனுவைத் தள்ளியது. அதே ஆண்டு ஆகஸ்டில் போட்டி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆறு மாத இடைக்கால நிவாரணம் கொடுத்தது. அங்கே வழக்காடியது சேனல் உரிமையாளர், சந்தாதாரர் அல்ல. இங்குள்ள சில ஆயிரம் தமிழ் வீடுகளுக்காகச் சென்னை நிறுவனம் ஒன்று இந்த நாட்டு நீதிமன்றப் படி ஏறும் என்று நம்பி உட்கார முடியாது. நம் பணத்துக்கு நாம்தான் பேச வேண்டும்.

பேசுவதற்கு முன், சேனல் போனதற்குக் காரணம் ஒப்பந்தத் தகராறுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது. ஒரு சேனல் தெரியவில்லை என்றதும் டிஷ்காரரைக் கூப்பிட்டு, அவர் ஏணி போட்டு ஏறி, டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பி என்ற கருவியை மாற்றி, வருகைக் கட்டணமும் வாங்கிப் போவது வழக்கமாக நடக்கிறது. டிஎஸ்டிவி சேனல்கள் கிழக்கு 68.5 பாகையில் உள்ள இன்டெல்சாட் துணைக்கோள்களிலிருந்து வருகின்றன. டர்பனிலிருந்து அது உண்மை வடக்கிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 57 பாகை, உயரம் 36 பாகைக்குச் சற்று மேல். இங்கே காந்த ஊசி உண்மை வடக்குக்கு மேற்கே 25 பாகை அளவு விலகி நிற்கும். அதனால் திசைகாட்டியில் 82ஐ ஒட்டி வரும். டிஷ் இந்தக் கோணத்திலிருந்து விலகியிருந்தால் ஒரு சேனல் மட்டும் போகாது, கூட்டமாகப் போகும். திரையில் இ48-32 என்று வந்தால் சிக்னல் இல்லை என்று பொருள்: கோடை மழை, கேபிள் முனையில் தளர்ந்த எஃப் கனெக்டர், கேபிளுக்குள் நீர், திரும்பிய டிஷ். இ16 என்று வந்தால் பார்ப்பதற்கான உரிமம் டிகோடர் பெட்டியின் கார்டுக்கு வந்து சேரவில்லை. கட்டணம் கட்டியிருந்தால் டிகோடரை அதே சேனலில் வைத்துவிட்டு, செயலியில் பிழை நீக்கும் பொத்தானை அழுத்திக் காத்திருக்க வேண்டும். அணைத்து அணைத்துப் போட்டால் வரும் சமிக்ஞையைப் பெட்டி தவற விடும்.

இந்த இரண்டும் இல்லாமல், பக்கத்துச் சேனல்கள் எல்லாம் ஓட, ஒன்று மட்டும் அறிவிப்பு அட்டையோடு நின்றால் இன்னொரு கேள்வி உண்டு. நிற்பது சேனலா, நிகழ்ச்சியா? கிரிக்கெட் ஆட்டத்துக்கோ புதுப் படத்துக்கோ ஆப்பிரிக்க உரிமை இல்லையென்றால் அந்த நேரத்துக்கு மட்டும் அட்டை போடுவார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் சேனல் திரும்பிவிடும். அது தகராறு அல்ல, அதற்குக் கட்டணத்தில் கழிவு கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். சேனல் எண்ணே வழிகாட்டிப் பட்டியலிலிருந்து மறைந்து, பெட்டியை மறுதொடக்கம் செய்த பிறகும் வராவிட்டால்தான் அது நீக்கம்.

சான்று சேர்க்க வேண்டியது நீக்கத்துக்கு முன்பே. கீழே ஓடும் அறிவிப்பு வரியில் ‘இந்தத் தேதியிலிருந்து கிடைக்காது’ என்று இருக்கிறதா, ‘கிடைக்காமல் போகலாம்’ என்று இருக்கிறதா என்பது பிறகு பெரிய வித்தியாசமாகும். ரிமோட்டில் ஐ பொத்தானை அழுத்தினால் சேனல் எண்ணும் பெயரும் நேரமும் பட்டையாக வரும். ஓடும் வரியும் அந்தப் பட்டையும் ஒன்றாகத் தெரியும்படி செல்போனில் ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும். நிறுவனத்தின் தளத்தில் தொகுப்பின் சேனல் பட்டியல் பக்கத்தையும் அன்றே பிடிஎஃப் ஆக்கிச் சேமிக்கவும். நீக்கிய மறுநாள் பட்டியல் மாறிவிடும். பழையது எங்கும் கிடைக்காது. டிகோடரிலேயே பதிவு செய்து வைக்கும் பிவிஆர் பதிவுகளையும் நம்ப வேண்டாம். அவை கார்டோடும் கணக்கோடும் கட்டப்பட்டவை. கணக்கு நின்றால் திறக்காது, பென் டிரைவுக்கு நகல் எடுக்கவும் முடியாது. கேட்ச் அப்பில் இருப்பது சேனல் உரிமையோடு சேர்ந்தே போகும்.

இப்போது பணம். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 54தான் நம் முக்கியக் கருவி. சேவை எதிர்பார்க்கத் தகுந்த தரத்தில் இல்லையென்றால் குறையைச் சரிசெய்யவோ, கட்டிய விலையில் நியாயமான ஒரு பகுதியைத் திருப்பித் தரவோ கேட்கலாம். ‘நியாயமான பகுதி’ எவ்வளவு என்பதில்தான் வாதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு, முதன்மைத் தொகுப்போடு கூடுதலாக வாங்கும் துணைத் தொகுப்பு மாதம் 200 ராண்ட், அதில் 8 சேனல், ஒன்று 12 நாள் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் போடும் கணக்கு: 200ஐ எட்டால் வகுத்தால் 25, அதில் முப்பதுக்குப் பன்னிரண்டு, ஆக 10 ராண்ட். யாரும் பத்து ராண்டுக்கு மல்லுக்கட்ட மாட்டார்கள், விட்டுவிடுவார்கள். ஆனால் நூறு சேனல் கொண்ட பெரிய தொகுப்பில் ஒன்று குறைவதும், எட்டில் முதன்மையான ஒன்று குறைவதும் ஒன்றல்ல. எட்டில் மூன்று வேறு மொழி, இரண்டு பாட்டு, மீதியில் வீட்டார் உண்மையில் பார்ப்பது ஒன்றுதான் என்றால், அந்தத் துணைத் தொகுப்பை வாங்கிய நோக்கமே 12 நாள் நிறைவேறவில்லை. அப்போது 200இல் முப்பதுக்குப் பன்னிரண்டு, அதாவது 80 ராண்ட் கேட்பதில் நியாயம் உண்டு. சட்டம் சேனலை எண்ணி வகுக்கச் சொல்லவில்லை. விளம்பரத்தில் எந்தச் சேனலின் பெயரை முதலில் போட்டுத் தொகுப்பை விற்றார்கள் என்பதைக் காட்டினால் இந்த வாதம் நிற்கும். பிடிஎஃப் எடுத்து வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

புகாரை அழைப்பு மையத்தில் வாயால் சொல்வதோடு விடக்கூடாது. மின்னஞ்சலில் ஒரு பக்கத்துக்குள் எழுதவும்: வாடிக்கையாளர் எண், தொகுப்பின் பெயர், சேனல், போன தேதி, கேட்கும் தொகை, கணக்கு, பிரிவு 54. ‘வருத்தமாக இருக்கிறது’ என்று எழுதினால் வருத்தம் தெரிவித்துப் பதில் வரும். தொகை எழுதினால் தொகையைப் பற்றிப் பதில் வந்தாக வேண்டும். ரெஃபரன்ஸ் எண்ணை வாங்காமல் அடுத்த படிக்குப் போக முடியாது. அடுத்த படி நுகர்வோர் பொருள் மற்றும் சேவைக் குறைதீர்ப்பாளர், அதன்பின் தேசிய நுகர்வோர் ஆணையம். உரிம நிபந்தனை மீறல் என்றால் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான இகாசா. பலர் ஒளிபரப்புப் புகார் ஆணையமான பிசிசிஎஸ்ஏ-வுக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அது நிகழ்ச்சியின் உள்ளடக்கம் பற்றிய புகார்களுக்கானது, சேனல் நீக்கத்தை அது எடுத்துக்கொள்ளாது. சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ராண்ட் வரை வழக்கறிஞர் இல்லாமல் கேட்கலாம். ஒரு வீட்டுக்கு அது பெரிய அலைச்சல்தான். ஆனால் கழிவு மறுக்கப்பட்டு, ரத்துக் கட்டணமும் தலையில் விழுந்தவர்களுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது.

ரத்து செய்ய முடிவெடுத்தால் டெபிட் ஆர்டரை வங்கியில் நிறுத்துவது மட்டும் ரத்து ஆகாது. சேவை ஓடும், பாக்கி ஏறும், கடன் பதிவில் கறை விழும். மாதச் சந்தா என்றால் எழுத்தில் ரத்து, அதன் உறுதிக் கடிதம், பிறகுதான் வங்கி. 24 மாத ஒப்பந்தம் என்றால் அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 14படி 20 வேலைநாள் அறிவிப்பில் எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம். நியாயமான ரத்துக் கட்டணம் மட்டும் கேட்கலாம், மீதி மாதங்கள் முழுவதையும் கேட்க முடியாது. வேலைநாள் என்பதைக் கவனிக்கவும். டிசம்பர் 15 அன்று அறிவிப்புக் கொடுத்தால் 16, 25, 26, ஜனவரி 1, சனி ஞாயிறு எல்லாம் கழிந்து 20 நாள் முடியும்போது பொங்கல் வந்துவிடும். தமிழ்த் தொகுப்புக்காக மட்டும் சந்தா வைத்திருப்பவர்கள் நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் மாதச் சந்தாவிலேயே இருப்பது நல்லது என்பது நீண்ட பயன்பாட்டில் கண்ட உறுதியான முடிவு. ஒப்பந்தத்தில் மிச்சமாகும் தொகை, சேனல் போன பிறகும் கட்டிக்கொண்டிருக்கும் தொகைக்கு ஈடாகாது.

இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2017 விதிகள் சேனலைத் துண்டிப்பதற்கு முன் எழுத்து அறிவிப்பையும், திரையில் முன்கூட்டியே ஓடும் வரியையும் கட்டாயமாக்கின. அப்படியிருந்தும் 2023 பிப்ரவரியில் புதிய விலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத கேபிள் நிறுவனங்களுக்குப் பெரிய குழுமங்கள் சேனல்களை நிறுத்தின. அமெரிக்காவில் 2024 செப்டம்பரில் டிஸ்னி சேனல்கள் டைரக்டிவியில் இரண்டு வாரம் இல்லை. விதி இருந்தும் தகராறு நிற்கவில்லை. ஆனால் முன்னறிவிப்பு இருந்தால் பாட்டி தாத்தாவுக்காவது சொல்லி வைக்கலாம். திடீரென்று கறுத்த திரையின் முன்னால், தாங்கள் ஏதோ பொத்தானைத் தவறாக அழுத்திவிட்டோம் என்று அவர்கள் குற்றவுணர்வோடு உட்கார்ந்திருப்பதுதான் இந்தத் தகராறுகளிலேயே மனத்தை அதிகம் வருத்துவது. இங்கும் அப்படியொரு அறிவிப்பு விதி தேவை. இகாசா விதிகளைத் திருத்தக் கருத்துக் கேட்கும்போதெல்லாம் தமிழ்ச் சங்கங்கள் இதை எழுதிக் கொடுக்க வேண்டும்.

மாற்று வழிகளில், இணையம் வழியாகத் தமிழ் நிகழ்ச்சிகளைத் தரும் சன் நெக்ஸ்ட் போன்ற செயலிகள் ஒப்பந்தச் சண்டைக்கு வெளியே இருப்பவை. வீட்டில் ஃபைபர் இருந்தால் போதும்; மின்வெட்டு நேரத்துக்கு ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் வேண்டும். செல்போன் டேட்டாவில் பார்த்தால் எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை போகும், கட்டுப்படியாகாது. ஊரிலிருந்து டிடிஎச் பெட்டி கொண்டு வருவதில் பயனில்லை. அந்தத் துணைக்கோள்களின் கேயூ-பேண்ட் அலைவரிசைக் கதிர் இந்தியாவை நோக்கியது, இங்கே எந்த டிஷ்ஷிலும் எட்டாது. ‘எல்லாச் சேனலும் ஒரே விலை’ என்று விற்கும், இணையம் வழியாக இயங்கும் ஐபிடிவி பெட்டிகள் சட்டவிரோதம், ஒரு நாள் நின்றால் கேட்க ஆளும் இருக்காது.

கட்டணச் சந்தாவை நிறுத்தினாலும் டிஷ்ஷைக் கழற்ற வேண்டாம். 2013இல் தொடங்கிய இலவச சாட்டிலைட் சேவையான ஓபன்வியூ அதே 68.5 பாகையிலிருந்துதான் வருகிறது. பெட்டியை ஒருமுறை வாங்கினால் மாதக் கட்டணம் இல்லை. கூரையில் இருப்பது ஸ்மார்ட் எல்என்பி என்றால் ஒரே கேபிளில் பல இணைப்புகளைத் தரும் அதன் யூனிகேபிள் முனையில் இந்தப் பெட்டியைச் செருகினால் சிக்னல் வராது. பக்கத்திலுள்ள சாதாரண யுனிவர்சல் முனைகளில் ஒன்றிலிருந்து தனிக் கேபிள் இறக்க வேண்டும்.