இறுகிப்போன வீல் நட்டுக்கு 60 செ.மீ. பிரேக்கர் பார்: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

காரோடு வரும் எல் ஸ்பேனரைக் குறை சொல்ல முடியாது, நீளம்தான் பற்றாது. அதற்குத்தான் பிரேக்கர் பார், அதாவது நட்டில் மாட்டும் சாக்கெட்டைத் திருப்பும் நீளமான கம்பிப்பிடி. பிடி 30 செ.மீ. என்று வைத்தால், 60 கிலோ ஆள் நுனியில் ஏறி நின்றாலும் கிடைக்கும் திருப்புவிசை (டார்க்) சுமார் 175 நியூட்டன் மீட்டர். ஃபோக்ஸ்வாகன் போலோ காரின் வீல் போல்ட்டுக்குக் கம்பெனி சொல்லும் இறுக்கம் 120 என்பதால் கணக்குப்படி இது போதும். ஆனால் பஞ்சர் கடையில் ஏர் கன் வைத்து அடித்ததும், ஒரு மழைக்காலத் துருவும் சேர்ந்துவிட்டால் கணக்கு தப்பும். அதே ஆள், 60 செ.மீ. பார்: 350.

அரை அங்குல டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனை) உள்ளதாக வாங்குங்கள். சாக்கெட் ஆறு முனை உள்ளதாகத்தான் இருக்க வேண்டும். பன்னிரண்டு முனை வழுக்கி நட்டின் மூலையைத் தின்றுவிடும். பெரும்பாலான மாருதிக்கு 19 மி.மீ., ஹூண்டாய்க்கு 21, போலோவுக்கு 17. ராட்செட்டை (ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் பல்சக்கரப் பிடி) இந்த வேலைக்குத் தொடாதீர்கள், உள்ளே பல் உடையும். பிளஸ் ஸ்பேனர் இரு கையாலும் சுழற்ற வசதிதான். விலை குறைந்தவற்றில் நாளடைவில் வாய் விரிந்துவிடுகிறது.

ஜாக்கி போடும் முன்பே, டயர் தரையில் இருக்கும்போதே நட்டை இளக்க வேண்டும். ஹேண்ட் பிரேக், முதல் கியர், எதிர்ச் சக்கரத்துக்குக் கல். சாக்கெட்டை அடிவரை இறக்கி, பிடியை இடப்பக்கம் கிடைமட்டமாக வைத்துக் கீழே அழுத்துங்கள். 'டக்' என்று விட்டால் நல்லது. சத்தமே இல்லாமல் ரப்பர்போல இழுபட்டால் ஸ்டட் (நட்டு ஏறும் மரையுள்ள கம்பி) முறுகுகிறது என்று பொருள். நிறுத்திவிட்டு, லேசாக இறுக்கும் பக்கம் தள்ளி மறுபடி முயலுங்கள். குதிப்பது வேண்டாம்.

துரு இளக்கும் ஸ்பிரேயைப் பலரும் பெரிதாக நம்புகிறார்கள். ஸ்டட் முனை வெளியே தெரியும் நட்டென்றால் அடித்து 15 நிமிடம் விடலாம். மூடிய தலை நட்டிலும் போலோ வகை போல்ட்டிலும் அது மரைக்குள் போய்ச் சேர்வதே கடினம். டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது.

நட் வந்தும் வீல் வரவில்லையா? ஹப் (வீல் உட்காரும் அச்சுப் பகுதி) நடுவில் துரு. நட்டுகளை இரண்டு சுற்று மட்டும் போட்டுவிட்டு டயரின் பக்கவாட்டில் காலால் உதையுங்கள். பிறகு கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஹப் விளிம்பில் மட்டும் கிரீஸை மெல்லப் பூசுங்கள். மரையில் பூசினால் அதே டார்க்கில் அளவுக்கு மீறி இறுகும்.

திரும்பப் பூட்ட பிரேக்கர் பார் ஆகாது, எவ்வளவு இறுகுகிறது என்றே கைக்குத் தெரியாது. குறித்த டார்க்கில் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச்சில், நட்சத்திர வரிசையில் (எதிரெதிர் நட்டாக மாறி மாறி) பூட்டி, 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை சரிபாருங்கள்.