என் கார் கண்ணாடியை எனக்கே 6,800 ரூபாய்க்கு வித்துட்டாங்க: காரைக்குடிப் பக்கம் பழைய வண்டி வச்சிருக்கவங்க படிங்க

6,800 ரூபாய். பழைய எஸ்டீமோட ரெண்டு சைடு கண்ணாடிக்கு. புதுசுன்னு சொல்லி மாட்டினது புதுசே இல்ல, என் வண்டியில ஏற்கெனவே இருந்த அதே கண்ணாடிங்கன்னு நேத்து சாயங்காலம்தான் தெரிஞ்சது. கை நடுங்குது, ஆனா எழுதிடறேன்.

எங்க ஊரு வீடுகள்ல கார் ஷெட்டுங்கறது அந்தக் காலத்து அளவு. பின்கட்டுப் பக்கம் சந்துல, தகரக் கதவு போட்டது. ரெண்டு கண்ணாடியையும் மடக்கினாத்தான் வண்டி உள்ள போகும். அப்பச்சி வாங்கின வண்டிங்கறதால விக்கவும் மனசு வரல. இந்த மழைக்கப்புறம் இடது பக்கக் கண்ணாடி சுத்தமா இறுகிப்போச்சு, வலது பக்கம் ரெண்டு கையும் போட்டு அழுத்தினா கிரீச்சுன்னு பாதி வரும். அதான் காரைக்குடியில ஒரு கார் அக்சஸரீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். பேரு போடல. மெயின் ரோட்டுல, ஏசி போட்டு, வாசல்ல சீட் கவர் தொங்கவிட்டிருக்கிற கடைன்னு மட்டும் வச்சுக்கங்க.

கடையில இருந்தவனுக்கு நெத்தி நிறைய விபூதி. வண்டியைப் பாத்ததும் பானெட்டைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். "அப்பச்சி வண்டியாண்ணே? இந்த மாதிரி வச்சிருக்கவங்க இப்ப யாருண்ணே இருக்கா"ன்னான். எனக்கு உள்ளுக்குள்ள குளுந்துபோச்சு. கண்ணாடியை ஒரு தடவை அசைச்சுப் பாத்துட்டு, "உள்ள ஜாம்ணே. தட்டினா பேஸ் கிராக் விட்ரும். அசெம்பிளியாத்தான் மாத்தணும். இந்த மாடலுக்கு இப்ப வர்றதே இல்ல, உங்க அதிர்ஷ்டம் ஒரு செட் கிடக்கு. 7,800. அப்பச்சி வண்டிக்காக ஆயிரம் குறைச்சுக்கங்க, 6,800 குடுங்க"ன்னான். மேல் ரேக்குல இருந்து ஒரு அட்டைப்பெட்டி இறங்குச்சு. பளபளன்னு ஹாலோகிராம் ஸ்டிக்கர். டேபிள்ல வச்சான், பெட்டியைத் திறக்கல. "பையன் மாட்டிடுவான், வெயில்ல நிக்காதீங்க, உள்ள உக்காருங்கண்ணே"ன்னு டீ சொன்னான். வண்டி பின்பக்கம் போயிருச்சு.

திரும்பி வந்தப்ப ரெண்டும் கன்னங்கரேல்னு மின்னுச்சு. சுண்டுவிரலால தள்ளினா மடங்குது. பழைய செட்டைக் கேட்டேன். "கழட்டுறப்பவே உடைஞ்சிருச்சுண்ணே, ஸ்கிராப்புல போட்டாச்சு." 6,800-ஐ ஜிபேல அனுப்பினேன். ஏதோ தனியாள் பேருக்குப் போச்சு.

ஒரு வாரம் கூட ஓடல, மறுபடி இறுக்கம். போன் பண்ணினா, "புதுசுல்லண்ணே, கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும், பழகப் பழக சரியாயிரும்." இறுகுறது பழகினா தளருமா? அடுத்து, "மதுரை சப்ளையர்கிட்ட கேட்டுச் சொல்றேன்." அதுக்கப்புறம், "முதலாளி பிள்ளையார்பட்டி போயிருக்கார்." பிள்ளையார்பட்டி என்ன காசியிலயா இருக்கு? வாட்ஸ்அப்புல போட்டோ அனுப்பினா நீல டிக் விழுது, பதில் இல்ல.

நேத்து ஷெட்டுல நிறுத்தி, இடது கண்ணாடியை ஈரத்துணியால துடைச்சேன். கீழ் மடிப்புல கறுப்புப் பெயிண்டு தோலு மாதிரி உரிஞ்சு வந்துச்சு. நகத்தால சுரண்டினேன். வெயில்ல வெளுத்த சாம்பல் பிளாஸ்டிக். அதுக்கு மேல விரல் நீளத்துக்கு ஒரு நீலக் கோடு. எங்க ஷெட் கதவோட நீலம். போன வருஷம் உரசினது. பக்கத்துலயே கதவு நிக்குது, ஒட்ட வச்சுப் பாத்தேன், அதே பெயிண்டு.

உடனே கடைக்குப் போனேன். "வர்ற வழியில லாரியில உரசியிருக்கும்ணே"ங்கறான். பெயிண்டுக்கு அடியில எப்படிடா உரசும்? கேட்டதும் குரல் மாறுது. "பில் எங்க?" காட்டினேன். வெறும் நோட்டுத்தாள். "மிரர் ஒர்க் 6,800"னு பேனாவால எழுதினது, கடை பேரு இல்ல, சீல் இல்ல, ஜிஎஸ்டி நம்பர் இல்ல. "ஒர்க்குன்னுதானே போட்டிருக்கு, புது மிரர்னு எங்கண்ணே இருக்கு?" டீ வாங்கிக் குடுத்த அதே வாய். அண்ணேங்கறதை மட்டும் கடைசிவரை விடல.

ராத்திரி பக்கத்து வீட்டு மாமாகிட்ட காட்டினேன். சிக்ரியில, அதான் காரைக்குடியில இருக்கற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல, வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் குடுத்து, 1948-ல நேரு வந்து அடிக்கல் நாட்டின இடம். துருவைப் பத்தி ஆராய்ச்சி பண்றதுக்கே ஒரு பிரிவு இருக்கு. அந்த ஊர்லயே எனக்குத் துருப்பிடிச்சதை வித்திருக்கான் பாருங்க. மாமா கண்ணாடிச் சில்லை மெதுவா நெம்பி எடுத்துட்டு டார்ச் அடிச்சார். நடுவுல ஒரு தண்டு, அதுல வலுவான இரும்பு ஸ்பிரிங், அது உக்கார்ற இடம் அலுமினிய வார்ப்பு. சுத்தி வெள்ளைப் பொடி. "அலுமினியமும் இரும்பும் ஒட்டி இருந்து ஈரம் பட்டா அலுமினியம்தான் முதல்ல அரிக்கும். அந்த வெள்ளைப் பொடி உலோகத்தை விட அதிக இடம் பிடிக்கும். தண்டு சுத்த இடமில்லாம பிடிச்சுக்கும், அவ்வளவுதான். இவன் மேலாக்க எண்ணெய் அடிச்சு, பெயிண்டு அடிச்சிருக்கான். பொடியைத் தொடவே இல்ல"ன்னார்.

இறுக்கம் எடுக்கற ஸ்பிரே ஒண்ணைத் தண்டோட அடிப்பக்கம் விட்டு, ராத்திரி முழுக்க ஊற வச்சார். காலையில ஹேர் டிரையரால லேசா சூடு காட்டி, கொஞ்சம் முன்ன, கொஞ்சம் பின்ன. ஒரேயடியா மடக்க விடல. கருஞ்சாம்பல் சேறு மாதிரி வழிஞ்சது. பழைய டூத் பிரஷ் போட்டுத் துடைச்சு, சிலிக்கான் கிரீஸ் தடவினார். மடங்குது. இதுக்கு 6,800 ரூபாய்!

எப்படிச் சரி பண்றதுன்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், எழுத எழுதக் கோவம்தான் வருது. அவசரத்துக்கு இதை மட்டும் பாத்துக்கங்க. சுத்தியலால தட்ட விடாதீங்க, வார்ப்பு விரிஞ்சா ஒட்டாது. ஸ்பிரிங் அழுத்தத்துல இருக்கும், பழக்கமில்லாம நட்டைக் கழட்டினா மூஞ்சில அடிக்கும். சுவிட்சுல கண்ணாடி திரும்பற வண்டின்னா ஒயர் தண்டு வழியாத்தான் வரும், சூட்டைக் குறைங்க. மோட்டார்ல தானா மடங்கற வகையைக் கையால வம்படியா மடக்காதீங்க, உள்ள இருக்கற பல்லுச்சக்கரம் போயிரும். ஸ்பிரேயை பாடி பெயிண்டு மேல வழிய விடாதீங்க.

கடைக்குத்தான் போகணும்னா, கழட்டுன பழைய பாகம் கைக்கு வந்த பிறகுதான் பணம். பில்லுல பாகத்தோட பேரு இருக்கணும், கடை பேருக்குத்தான் ஜிபே போகணும். 1915-க்கு, அதான் நுகர்வோர் உதவி எண், காலையிலயே போன் பண்ணிட்டேன். சிவகங்கையில மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயும் மனு குடுக்கப் போறேன், 5 லட்சம் வரைக்கும் உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. அந்த நோட்டுத்தாளு, ஜிபே ஸ்கிரீன்ஷாட், உரிஞ்ச பெயிண்டு போட்டோ மூணும் எடுத்து வச்சாச்சு. வலது பக்கத்துப் பெயிண்டை இன்னும் சுரண்டல. அதை ஆணையத்துல வச்சே சுரண்டிக் காட்டறேன்.