முழு இரவு ஜெபமா, வீட்டு ஜெபமா?

நம்ம கடலூர்ல ரெண்டும் இருக்கு, ரெண்டுக்கும் போயிருக்கேன். மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு ஹால்ல முழு இரவு ஜெபம், கீபோர்டு, ஸ்பீக்கர், பாஸ்டர் பிசாசைப் பார்த்து "கட்டுகிறேன், துரத்துகிறேன்"னு தொண்டை கிழிய கத்துவாரு, கூட்டமே ஆமென் போடும், தனியா ஜெபிக்க வராதவங்களுக்கு அந்த உற்சாகம் நிஜமாவே உதவும், அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதிகாரம் சத்தத்துலயா இருக்கு? மத்தேயு 8ல நூற்றுக்கு அதிபதி (நூறு வீரர்களுக்குத் தலைவரான ரோமப் படை அதிகாரி) இயேசுகிட்ட கேட்டது ஒரே ஒரு வார்த்தைதான், வீட்டுக்குக்கூட வர வேணாம்னுட்டாரு, வேலைக்காரன் அங்கேயே சுகமாயிட்டான். அப்போஸ்தலர் 19ல யூத ஆசாரியர் ஸ்கேவாவோட ஏழு பசங்க இயேசு பேரை மந்திரம் மாதிரி சொல்லி பேய் ஓட்டப் பார்த்து, பேய் பிடிச்சவன்கிட்டயே அடி வாங்கி துணியில்லாம ஓடுனாங்க (இந்த இடம் வந்தா எனக்கு சிரிப்பு அடங்காது).

தேவனாம்பட்டினத்துல ஒரு அத்தை வீட்டு ஜெபம் வேற மாதிரி. எட்டு பேரு, பாய், ஒரு பைபிள். பரமண்டல ஜெபம் (இயேசு கத்துக்கொடுத்தது) சொல்லி, யாருக்கு காய்ச்சல், யாரு கடலுக்குப் போயிருக்காங்கன்னு பேர் சொல்லி கேப்பாங்க, முக்கா மணி நேரத்துல டீ. மறுநாள் அத்தையே காய்ச்சக்காரங்க வீட்டுக்கு கஞ்சி எடுத்துட்டுப் போவாங்க. சீஷத்துவம், அதாவது இயேசு வழியில நடக்க கத்துக்கணும்னா எனக்கு இங்கதான், தப்பு பண்ணா காதைப் பிடிச்சு கேக்க ஆள் இருக்கு, ஹால்ல நாலு வருஷமாகியும் என் பேர்கூட யாருக்கும் தெரியாது. மாசத்துக்கு ஒரு தடவ ஹாலுக்கும் போறேன், பாட்டுக்காக.