வலிக்குக் கேட்கிறது, ஆனாலும் சிபாரிசு இல்லை

முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் இடது காலில் தங்கிவிட்ட நரம்பு எரிச்சலுக்கு மருத்துவக் கஞ்சா எண்ணெய் எடுக்கிறேன் என்பது ஸ்கார்பரோவில் என்னைத் தெரிந்த பலருக்கும் தெரியும். போன வாரம் பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "உங்களுக்கு நன்றாகக் கேட்கிறதாமே, என் முழங்கால் வலிக்கும் எழுதித் தரச் சொல்லலாமா?"

கேட்கிறதுதான். வலி போய்விடவில்லை. ஆனால் நடுச்சாமத்தில் கால் எரிந்து எழுந்து உட்கார்ந்திருந்தவன் இப்போது விடியும்வரை தூங்குகிறேன். முன்பு எடுத்த ஓபியாய்டு (அபின் வகை வலி) மாத்திரை தந்த மலச்சிக்கலும் இல்லை. காலையில் கொஞ்சம் மந்தம், வாய் வறட்சி. அதைச் சகித்துக்கொள்ளலாம்.

சகிக்க முடியாதது வேறு. கனடாவில் இந்த எண்ணெய் மருந்தகத்துக்கே வருவதில்லை. மருத்துவர் கையெழுத்திட்ட ஆவணம் உரிமம் பெற்ற விற்பனையாளருக்குப் போகிறது. அங்கிருந்து பொதி நேராக வீட்டு வாசலுக்கு வருகிறது. என் மற்ற மாத்திரைகள் அத்தனையையும் கணினியில் வைத்திருக்கும் மருந்தாளருக்கு இப்படியொன்று இருப்பதே தெரியாது. ஒரு மருந்து இன்னொன்றோடு மோதுமா என்று பார்க்க வேண்டியவரே அவர்தான்! குப்பியில் கஞ்சா இலை போட்ட சிவப்பு முத்திரை இருக்கிறது, மஞ்சள் கட்டத்தில் வாகனம் ஓட்டாதீர்கள் என்று இருக்கிறது, பிள்ளைகள் திறக்காதபடி அழுத்தித் திருகும் மூடி இருக்கிறது. (விரல் மூட்டு வீங்கிய என்னாலும் திறக்க முடியாது, மனைவிதான் திறந்து தருகிறார்.) கூட என்ன மாத்திரை எடுக்கிறாய் என்ற கேள்வி மட்டும் எங்கேயும் இல்லை. கடைசியில் நானே குப்பியைக் கொண்டுபோய் மருந்தாளரிடம் காட்டினேன். நரம்பு வலிக்கு நான் எடுக்கும் கபாபென்டினோடு இது சேர்ந்தால் மயக்கமும் தள்ளாட்டமும் கூடும் என்று அவர் சொன்ன பிறகுதான் மருத்துவர் அளவைக் குறைத்தார்.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். இதயத்துடிப்பு ஒழுங்கில்லாததால் அவர் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கிறார். கஞ்சாவில் உள்ள முக்கிய வேதிப்பொருள்களான சி.பி.டி.யும், போதை தரும் டி.எச்.சி.யும் கல்லீரல் வார்ஃபரினைச் சிதைக்கும் வேகத்தைக் குறைக்கக்கூடியவை, இரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் ஏறினால் இரத்தக்கசிவுதான். டி.எச்.சி. நாடித்துடிப்பை வேறு கூட்டும்; படுக்கையிலிருந்து எழும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். வார்ஃபரின் எடுக்கிறவர் கழிவறை வாசலில் தலை அடிபட விழுந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. போதாததற்கு அவர் தூக்க மாத்திரைக்காரர், பொறுமையும் கிடையாது. விழுங்கிய எண்ணெய் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு மணி நேரம்வரை ஆகலாம், உச்சத்துக்கு நான்கு மணி நேரம்வரை போகலாம். தலைவலிக்குப் போட்ட மாத்திரை அரைமணியில் கேட்கவில்லை என்று அடுத்ததைப் போடுகிற மனிதர் அவர்.

இத்தனைக்கும் அறிவியல் நம் பக்கம் உறுதியாக நிற்கிறதா என்றால் அதுவும் இல்லை. வலிக்குப் பொதுவாகக் கஞ்சாவை ஆதரிக்க முடியாது என்று வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2021இல் கைவிரித்தது. வழக்கமான சிகிச்சை போதாதவர்கள் புகைக்காத வடிவில் முயன்று பார்க்கலாம் என்று அதே ஆண்டு பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வல்லுநர் குழு ஒன்று எழுதியது. அதையும் பலவீனமான பரிந்துரை என்றே குறித்தது. மனச்சிதைவு வந்தவர்கள், குடும்பத்தில் அது உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் ஆகியோருக்கு இந்தப் பேச்சே வேண்டாம். இளவயதினருக்கும் அப்படித்தான்.

நண்பரிடம் வேண்டாம் என்றேன். கேட்டே ஆகவேண்டுமென்றால் இதய மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் இல்லை என்றும் சொன்னேன். அவருக்கு என்மேல் கோபம். இருக்கட்டும்.

எனக்கு அடுத்த குப்பி ஆர்டர் கொடுத்தாயிற்று. மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. அதற்கே தாராள மனம் வேண்டும்: மருத்துவர் எழுதித் தரும் மற்ற மருந்துகளுக்கு இங்கே விற்பனை வரி கிடையாது, இதற்கு உண்டு. மருந்தகத்தில் வைக்கவும் மாட்டார்கள், மருந்தென்று வரியை விடவும் மாட்டார்கள்.