ஒரே வரிசை எண், எட்டுப் புத்தகங்கள்: நாய்த் தடுப்பூசியில் நாங்கள் ஏமாந்த கதை

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மோட்டார் சைக்கிளில் வந்து நாய், பூனை, ஆடு என்று எல்லாவற்றுக்கும் ஊசி போடும் ஆளிடம் உங்கள் வீட்டு நாய்க்கும் ஊசி போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் அவர் கொடுத்த தடுப்பூசிப் புத்தகத்தை முதலில் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குட்டி ஐப்பசியில் செத்துப்போனது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டையும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் கோரையாற்றங்கரையில் இருக்கிறது. வீட்டில் வீரன் என்று ஆறு வயது நாய் உண்டு. ஆவணிக் கடைசியில் என் மகள், தெருமுனை வைக்கோல் போருக்கு அடியில் கிடந்த நாட்டு நாய்க்குட்டிகளில் ஒன்றைப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு வந்தாள். தாய் நாய் லாரியில் அடிபட்டுவிட்டது. மற்ற குட்டிகளை ஆளுக்கொன்றாக எடுத்துப் போயிருந்தார்கள். நெற்றியில் மட்டும் ஒரு பொட்டு வெள்ளை, மற்றபடி அடுப்புக்கரி நிறம். கருப்பி என்று மகளே பெயர் வைத்தாள்.

அந்த ஆள் எங்கள் தெருவுக்குப் புதியவர் அல்ல. இரண்டு வருடமாக வருகிறார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கும். 'நாய் டாக்டர்' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். எங்கே படித்தார், என்ன பதிவு எண் என்று ஒருவரும் கேட்டதில்லை. வீரனுக்கு இரண்டு வருடமும் ரேபீஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி போட்டவர் அவர்தான். ஒரு ஊசிக்கு 250 ரூபாய்.

புரட்டாசி முதல் ஞாயிறு வந்தபோது கருப்பியைப் பார்த்தார். "அக்கா, நடவு நேரம். வயல் முழுக்க எலி. எலி மூத்திரம் கலந்த வாய்க்கால் தண்ணீரைக் குடித்தால் நாய்க்கு எலிக்காய்ச்சல் வரும், நாயிடமிருந்து பிள்ளைக்கும் வரும். ஒன்பது நோய்க்கும் சேர்த்து ஒரே ஊசி இருக்கிறது. போட்டுவிட்டால் ஒரு வருடத்துக்குக் கவலையே இல்லை" என்றார். 600 ரூபாய் கேட்டார். கொடுத்தேன்.

எலிக்காய்ச்சலைப் பற்றி அவர் சொன்னது பொய் இல்லை. லெப்டோஸ்பைரா கிருமி எலியின் சிறுநீரில் வெளியேறித் தேங்கிய தண்ணீரிலும் சேற்றிலும் தங்கும். நாயின் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுக்கும், மனிதர்களையும் பிடிக்கும். வெறுங்காலோடு நாற்றங்காலில் இறங்குகிற எங்களுக்கு இதைச் சொன்னால் பயம் வராமல் என்ன செய்யும்? தெரிந்த உண்மையைச் சொல்லி நம்பவைத்து, அதன் முதுகில் பொய்யை ஏற்றி விற்றிருக்கிறார்.

அந்த ஊசி போட்ட விதத்தை இப்போது நினைத்தாலும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. முதுகுப் பையைத் திறந்தார். டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டிகள். ஐஸ் இல்லை, குளிர்ப்பெட்டி இல்லை. அன்றைக்குப் பகல் வெயில் அப்படி அடித்தது. அவர் எடுத்த புட்டியில் மருந்து ஏற்கெனவே தண்ணீராகத்தான் இருந்தது, அதுவும் பாதி அளவு. மேலே ஒட்டுத்தாள் கிழிக்கப்பட்டுப் பசை மட்டும் மிச்சம். ரப்பர் மூடியில் நான்கைந்து துளைகள். கருப்பியை மடியில் வைத்துப் பிடித்திருந்த எனக்கு அந்தத் துளைகள் கண்ணில் பட்டன. பட்டும் கேட்கவில்லை. "குட்டி சின்னது, பாதி மருந்து போதும்" என்றார். நீல அட்டை போட்ட ஒரு புத்தகத்தில் ஒட்டுத்தாளை ஒட்டி, தேதி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தப் புத்தகம் கையில் வந்ததுமே என் மனம் நிறைந்துவிட்டது. மகள் அதில் கருப்பியின் பெயரைக் கலர் பென்சிலால் எழுதினாள்.

ஐப்பசி அடைமழையில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கருப்பி சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. இரவு நுரை நுரையாக வாந்தி. விடிந்தபோது இரத்தம் கலந்த பேதி. அந்த நாற்றம் ஒரு தடவை மூக்கில் ஏறியவர்களுக்கு மறக்காது. அந்த ஆளுக்குப் போன் செய்தேன். மத்தியானம் வந்து இரண்டு ஊசி போட்டார், என்ன மருந்து என்று சொல்லவில்லை. "குடலில் சூடு, அக்கா. தடுப்பூசி போட்ட குட்டிதானே, பெரிய நோயெல்லாம் வராது. பாலும் கஞ்சியும் கொடுங்கள்" என்று 800 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அந்த ஒரு சொல்லை நம்பி வெள்ளிக்கிழமை முழுவதையும் வீணாக்கினேன். மாடு கன்று ஈன முடியாமல் கிடந்தால் உடனே கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குப் போன் செய்யத் தெரிந்த வீடு எங்கள் வீடு. நாய்க்குட்டிக்கு மட்டும் ஏன் தெருவில் வந்தவனை நம்பினோம் என்று இன்றைக்கும் என் கணவர் கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

சனிக்கிழமை காலை அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா பல் ஈறுகளையும் கண் இமையையும் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய தோல் அப்படியே நின்றது. உடம்பில் நீரே இல்லை என்றார். பார்வோ. குடலின் உட்சுவரையும் இரத்த வெள்ளணுக்களையும் ஒருசேரத் தாக்கும் வைரஸ் அது. வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு கிருமி தொற்றாமல் ஆன்டிபயாடிக் கொடுத்து, உடம்பு தானே மீண்டு வரும்வரை தாங்கிப் பிடிக்கத்தான் முடியும். அதனால்தான் முதல் நாளே கொண்டுவருவது அவ்வளவு முக்கியம். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டேன். "நேற்று வந்திருந்தால் நானே அனுப்பியிருப்பேன் அம்மா, இப்போது பயணம் தாங்காது" என்றார். முன்னங்காலில் நரம்பு கிடைக்காமல் மூன்று தடவை குத்தி, கடைசியில் டிரிப்ஸ் ஏறியது. ஞாயிறு விடியற்காலை மகளின் பழைய சட்டைமேல் கருப்பி அடங்கிவிட்டது.

டாக்டரம்மா அந்த நீலப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஒட்டுத்தாளை நகத்தால் லேசாகச் சுரண்டினார். மருந்துக் கம்பெனி ஒட்டுத்தாள் இல்லை, கலர் ஜெராக்ஸ். ஓரம் கத்தரிக்கோலால் வெட்டியது. அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் எனக்குப் புதிது. குட்டிகளுக்குப் போடும் கூட்டுத் தடுப்பூசி ஒரு புட்டியில் உலர்ந்த கட்டியாக இருக்கும், அதைக் கரைக்கும் திரவம் இன்னொரு புட்டியில் வரும். நம் கண் முன்னால் கலந்து அப்போதே போட வேண்டும். ஒரு புட்டி ஒரு நாய்க்கு. குட்டி சின்னது, நாய் பெரியது என்று பங்கு பிரிக்கக் கூடாது. 2 முதல் 8 டிகிரிக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். வெயிலில் பைக்கில் சுற்றிய புட்டியில் உயிருள்ள மருந்து எதுவும் மிஞ்சாது.

உண்மையான மருந்தாகவே இருந்திருந்தாலும் ஒரு ஊசி போதாது என்பதையும் அவர்தான் சொன்னார். சீம்பாலில் தாயிடமிருந்து குட்டிக்கு வரும் எதிர்ப்பாற்றல் சில வாரங்கள் உடம்பில் இருக்கும். அது இருக்கும்வரை ஊசி மருந்தையும் அதுவே அடித்துவிடும். எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் அது தீரும் என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஆகையால் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, பதினாறு வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். கூட்டு ஊசியில் உள்ள எலிக்காய்ச்சல் மருந்துக்கும் முதல் முறை இரண்டு ஊசி தேவை, பிறகு வருடா வருடம். "ஒரே ஊசி, ஒரு வருடம்" என்று எவராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பெரிய பயம் என்றேனே, அது அன்று மத்தியானம் வந்தது. குட்டியைப் புதைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு அண்ணியின் பையன் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தான். ஒரு மாதத்துக்கு முன்னால் பந்தை எடுக்கப் போனபோது வீரன் அவன் கெண்டைக்காலில் கடித்திருந்தான். இரண்டு பல் இறங்கி இரத்தம் வந்தது. அண்ணி பதறியபோது நான்தான் உள்ளே போய் வீரனின் புத்தகத்தை எடுத்துவந்து காட்டினேன். "ஊசி போட்ட நாய் அண்ணி, பயப்படாதீர்கள்" என்றேன். அவர்களும் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு விட்டுவிட்டார்கள். அந்தப் புத்தகத்தில் இருந்த ஒட்டுத்தாளும் அதே ஆள் ஒட்டியதுதானே?

எனக்குக் கை கால் ஓடவில்லை. அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லி, பையனைக் கூட்டிக்கொண்டு மன்னார்குடி அரசு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "நாய் இப்போது எப்படி இருக்கிறது?" நன்றாகச் சாப்பிடுகிறது, குரைக்கிறது என்றோம். கடித்த நாய் பத்து நாள் கழிந்தும் நோயில்லாமல் உயிரோடு இருந்தால், கடித்த சமயத்தில் அதன் எச்சிலில் ரேபீஸ் இருந்திருக்காது, எனவே அந்தக் கடியால் பையனுக்கு ஆபத்தில்லை என்றார். அண்ணி அங்கேயே உட்கார்ந்து அழுதார். ஆனால் டாக்டர் எங்களை விடவில்லை. பத்து நாள் பார்ப்போம் என்று காத்திருப்பது தவறு. கடித்த உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது, அன்றைக்கே ஊசியைத் தொடங்க வேண்டும், இரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் பொருள் ஊசியும் போட வேண்டும் என்றார். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று உரிமையாளர் சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். அப்படிச் சொன்ன உரிமையாளர் நான்தான், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ரேபீஸ் நோய்க்குறி தெரிய ஆரம்பித்துவிட்டால் மனிதரைக் காப்பாற்ற வழி இல்லை. அந்தப் பத்து நாளும் அந்தக் குழந்தை ஒரு கலர் ஜெராக்ஸ் தாளின் காவலில் இருந்திருக்கிறான்.

அன்று சாயங்காலம் தெருவில் அந்த ஆளிடம் ஊசி போட்ட வீடுகளிலிருந்தெல்லாம் புத்தகங்களைக் கொண்டுவரச் சொன்னேன். திண்ணையில் வரிசையாகத் திறந்து வைத்தோம். எட்டுப் புத்தகங்கள். வெவ்வேறு மாதம், வெவ்வேறு வருடம். எட்டிலும் ரேபீஸ் ஒட்டுத்தாளில் ஒரே வரிசை எண், ஒரே காலாவதித் தேதி. மூன்றில் அந்தக் காலாவதித் தேதிக்குப் பிறகுதான் ஊசியே போட்டிருக்கிறார். ரேபீஸ் தடுப்பூசியில் பல நாய்களுக்குப் போடும் பெரிய புட்டியும் உண்டு என்பதால் ஒரே நாளில் போட்ட பல நாய்களுக்கு ஒரே எண் வரலாம். இரண்டு வருடத்துக்கு ஒரே எண் எப்படி வரும்? இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு தேவைப்படவில்லை, எட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் தெரிந்துவிட்டது. அப்போதுதான் கோடி வீட்டுப் பெரியம்மா, தன் நாய்க்கு அந்த ஆள் மாட்டு உண்ணிக்குப் போடும் மருந்தை ஊசியாகப் போட்டு, அது இரண்டு நாள் தள்ளாடிக் கிடந்த கதையைச் சொன்னார். உண்ணி செத்ததே என்று பேசாமல் இருந்துவிட்டாராம்.

அந்த ஆளுக்குப் போன் செய்தேன். "குட்டிக்கு ஆயுசு அவ்வளவுதான் அக்கா" என்றார். ஒட்டுத்தாளைப் பற்றிக் கேட்டதும் இணைப்பு அறுந்தது. அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு அவர் வரவில்லை. வேறு ஊருக்குப் போயிருப்பார் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் அல்லாதவர் இப்படி வைத்தியம் செய்ய 1984-ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் இடம் தருவதில்லை. பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. உண்மையான மருத்துவர் கூச்சப்படாமல் சொல்வார். இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டும். ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினத்தையும் செப்டம்பர் 28 உலக ரேபீஸ் தினத்தையும் ஒட்டி, அரசு கால்நடை மருத்துவமனைகளில் நாய்களுக்கு ரேபீஸ் ஊசி இலவசமாகவே போடும் முகாம்கள் நடக்கின்றன. வாசலுக்கு வந்து போடுகிறார் என்ற சௌகரியத்துக்காக நாங்கள் 250 ரூபாய் கொடுத்துத் தண்ணீரை வாங்கியிருக்கிறோம்.

குட்டி இறந்த வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும், பினாயிலுக்கு மசியாது. சிமென்ட் தரையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடச் சொன்னார் டாக்டரம்மா. கொல்லை மண்ணை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது. ஆகையால் இன்னொரு குட்டி வேண்டும் என்று மகள் கேட்டபோது, அடுத்த வருடம் பார்க்கலாம், அதுவும் ஊசி எல்லாம் முடிந்த பிறகுதான் கொல்லையில் விடுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.

வீரனுக்குப் புதிதாக ஊசி போட்டாயிற்று. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த புட்டியை என் கையில் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கொடுத்தார். சில்லென்று இருந்தது, என் விரல் பட்ட இடத்தில் ஈரம் கோத்தது. எண்ணையும் தேதியையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தேன். புட்டியிலிருந்து அவர் உரித்த ஒட்டுத்தாள் புத்தகத்தில் ஒட்டும்போது இன்னும் ஈரமாகவே இருந்தது.

எட்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்டுக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கால்நடை பராமரிப்புத் துறை இணை இயக்குநர் அலுவலகத்துக்கும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுத்தாயிற்று. எங்களிடம் ரசீது எதுவும் இல்லை, ஒரு தடவைகூட அவர் கொடுத்ததில்லை. சாட்சியாக இருப்பவை அந்தப் புத்தகங்கள்தான். உங்களிடமும் நீல அட்டைப் புத்தகம் இருந்தால் கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். முதலில் நாயைப் பதிவு பெற்ற மருத்துவரிடம் கொண்டுபோய் ஊசி போடுங்கள். பிறகு அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் நகல் எடுத்து, உங்கள் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.