கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் மொபைல் கேம் செய்ய: யூனிட்டியா, கோடோவா?

கேரள–தமிழ்நாடு எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் மொபைல் கேம் செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, கேம் உருவாக்கும் மென்பொருள்களான யூனிட்டி, கோடோ இரண்டில் எதை இன்ஸ்டால் செய்வது என்பதுதான். கையில் 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப், ஓர் ஆண்ட்ராய்டு போன், அளந்து செலவழிக்க வேண்டிய டேட்டா. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தமிழும் மலையாளமும். இந்த நிலைமையை வைத்துத்தான் இரண்டையும் பார்க்கிறேன். அன்ரியல் என்று இன்னொன்றும் உண்டு, இந்த லேப்டாப்புக்குப் பாரம், அதை விட்டுவிடலாம்.

நிறுவுவதில் யூனிட்டிக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அதை நிறுவ உதவும் யூனிட்டி ஹப்பைத் திறந்து, எடிட்டரோடு ஆண்ட்ராய்டு பில்ட் சப்போர்ட், அதன் கீழே இருக்கும் ஓப்பன்ஜேடிகே, எஸ்டிகே, என்டிகே என்ற ஆண்ட்ராய்டு ஆப் கட்டும் கருவிகள் எல்லாவற்றையும் டிக் செய்தால் போதும், அவை எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். அதற்கு நாம் கொடுக்கும் விலை டேட்டாவும் இடமும்தான்: எல்லாம் சேர்ந்து வட்டில் 10 ஜிபியைத் தாண்டிவிடும். கணக்குத் தொடங்கி இலவச லைசென்ஸும் பெற வேண்டும்.

கோடோ நேர் எதிர். எடிட்டரின் ஜிப் கோப்பு 100 எம்பிக்குள்தான். விரித்ததும் ஓடும், லாகின் கிடையாது. கேரளப் பள்ளிகளில் உபுண்டு லினக்ஸில் பழகிய பிள்ளைகளுக்கு அதே லினக்ஸிலேயே ஓடும். பள்ளியில் பைத்தான் தொட்டவர்களுக்குக் கோடோவின் நிரல்மொழியான ஜிடிஸ்கிரிப்ட் அந்நியமாகத் தெரியாது. யூனிட்டியில் சி ஷார்ப் என்ற நிரல்மொழியைப் படித்தாக வேண்டும்.

ஆனால் போனுக்கு அனுப்பும்போது கோடோ உங்களிடம் வேலை வாங்கும். விளையாட்டை ஆப்பாக மாற்ற உதவும், ஏறக்குறைய 1 ஜிபி அளவுள்ள எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட்டைத் தனியாக இறக்க வேண்டும். ஓப்பன்ஜேடிகே 17, ஆண்ட்ராய்டு எஸ்டிகே இரண்டையும் வைத்து, எடிட்டர் செட்டிங்ஸில் அவற்றின் பாதையைக் கொடுக்க வேண்டும். புதியவர்கள் திணறும் இடம் இதுதான். பொறுமையாக ஒருமுறை செய்து முடித்தால் அப்புறம் தொந்தரவு இல்லை.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். விளையாட்டில் தமிழ் எழுத வேண்டுமா?

யூனிட்டியில் திரையில் எழுத்தைக் காட்ட எல்லாரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் புரோ, யூனிகோட் எழுத்துகளை வந்த வரிசையில் அப்படியே அடுக்கிவிடும். ‘பெரிய’ என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு பகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். படிப்பவர் கண்ணுக்கு அது ரகரத்தோடு சேர்ந்த கொம்பாகத் தெரியும். மலையாளத்தில் இன்னும் மோசம், கூட்டெழுத்துகள் உடைந்து, நம் புள்ளி போன்ற சந்திரக்கலைக் குறியோடு தனித்தனியாக நிற்கும். இதைச் சமாளிக்கச் சிலர் எழுத்துகளை இடம் மாற்றும் ஸ்கிரிப்ட் எழுதுகிறார்கள், சிலர் யூனிகோட் அல்லாத பழைய குறியாக்க எழுத்துருவுக்குப் போகிறார்கள். விளையாடுபவர் தன் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்யும் இடம் வந்தால் அதுவும் சிக்கலாகிவிடும். யூனிட்டி 6-இல், பொத்தான், மெனு செய்யும் யூஐ டூல்கிட்டோடு அட்வான்ஸ்டு டெக்ஸ்ட் ஜெனரேட்டர் வந்திருக்கிறது, அது எழுத்தைச் சரியாகக் கோக்கிறது. ஆனால் நீங்கள் பார்த்துப் படிக்கும் பயிற்சிக் காணொளிகளில் பெரும்பாலானவை டெக்ஸ்ட்மெஷ் புரோவையே காட்டும்.

2023 மார்ச்சில் வந்த கோடோ 4-இலிருந்து, இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் உள்ளேயே இருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போட்டு, நோட்டோ சான்ஸ் மலையாளத்தை அதன் ஃபால்பேக்காக, அதாவது முதல் எழுத்துருவில் இல்லாத எழுத்துக்கு மாற்றாகக் கொடுத்தால், ஒரே வரியில் இரண்டு மொழியும் ஒழுங்காக வரும். பழைய கோடோ 3-இல் இது கிடையாது, யாராவது அந்தப் பதிப்பைப் பரிந்துரைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எல்லையோரப் பிள்ளை செய்யும் விளையாட்டில் அவன் பாட்டி பேசும் மொழி பிழையில்லாமல் தெரிய வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் கோடோ பக்கம்.

எதை எடுத்தாலும், லேப்டாப்பிலேயே போனைப் போல ஓடும் எமுலேட்டரில் சோதிக்க வேண்டாம். 8 ஜிபி ராமில் எடிட்டரும் எமுலேட்டரும் சேர்ந்து ஓடினால் லேப்டாப் திணறும். போனின் செட்டிங்ஸில் இருக்கும் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டி, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கிக் கேபிளில் செருகுங்கள். யூனிட்டி, கோடோ இரண்டிலும் எடிட்டரிலிருந்தே விளையாட்டைப் போனுக்கு அனுப்பிவிடலாம். பழைய போன் என்றால் கோடோவில் புதிய புராஜெக்ட் தொடங்கும்போதே பழைய போனுக்கும் ஒத்துவரும்படி படம் வரையும் கம்பாட்டிபிலிட்டி ரெண்டரரைத் தேர்ந்தெடுங்கள்.

வேலை தேடும் எண்ணம் இருந்தால் என் பதில் மாறும். கேம் கம்பெனிகளில் யூனிட்டி தெரிந்தவர்களுக்கான இடங்களே அதிகம். விளம்பரம், ஆப்புக்குள் விற்பனை இவற்றுக்கான கருவிகளும் யூனிட்டியில் தயாராக இருக்கின்றன, கோடோவில் இவற்றுக்குப் பிளகின் தேட வேண்டியிருக்கும். கோவைக்கோ கொச்சிக்கோ வேலைக்குப் போக நினைக்கும் கடைசி வருடக் கல்லூரி மாணவர் யூனிட்டியையே படிக்கட்டும்.

பணக் கணக்கில், யூனிட்டி பர்சனல் என்ற பதிப்பு ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் வருவாய் வரை இலவசம். 2023 செப்டம்பரில், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் இன்ஸ்டால் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு பலமாக எழுந்தது, மறு ஆண்டு செப்டம்பரில் கைவிட்டார்கள். கோடோ, யாரும் இலவசமாகப் பயன்படுத்த விடும் எம்ஐடி என்ற திறந்த மூல உரிமத்தில் இருக்கிறது. வருவாயில் பங்கும் கிடையாது, உங்கள் கையில் இருக்கும் பதிப்பின் விதியை நாளைக்கு யாரும் மாற்றவும் முடியாது.

பிளே ஸ்டோரில் பதிவு 25 டாலர், ஒருமுறைதான். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்தால்தான் எல்லாருக்கும் வெளியிட அனுமதி கேட்கலாம். விளையாட்டு பாதி முடிந்ததுமே நண்பர்கள், அத்தை மாமா பிள்ளைகள் என்று 12 பேரைச் சேர்த்து வையுங்கள். புதிய ஆப்பை ஏஏபி (ஆண்ட்ராய்டு ஆப் பண்டில்) கோப்பாகத்தான் ஏற்ற வேண்டும். கோடோவில் அதற்கு எக்ஸ்போர்ட் அமைப்பில் கிரேடில் பில்ட் என்பதை இயக்க வேண்டும், யூனிட்டியில் பில்ட் அமைப்பில் ஒரு டிக். ஐபோனுக்கும் வேண்டும் என்றால் மேக் கணினியும், ஆப்பிளின் எக்ஸ்கோடு மென்பொருளும், ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலரும் யூனிட்டி, கோடோ எதை எடுத்தாலும் தப்பாது. முதல் விளையாட்டுக்கு அந்தச் செலவை எடுக்காதீர்கள்.